மூட்டியே நாட்குறிப்பு: ஒரு ஸ்விஸ் லேத்துக்குப் பணம் கட்டும் முன்

ஞாயிறு, பீல்

கோயம்புத்தூரில் எலும்பு ஸ்க்ரூ செய்கிற பட்டறையில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரு ஸ்விஸ் டைப் ஆட்டோ லேத், அதாவது மெலிந்த நீளப் பாகங்களைத் தானாகக் கடைந்து தரும் மெஷின், தேவைப்படுகிறது. கொட்டேஷன் வந்துவிட்டது, பேங்க் லோனும் பேச்சில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் எங்கள் பாகத்தை எங்கள் பாரிலேயே, அதாவது நாங்கள் வாங்கும் உலோகக் கம்பியிலேயே, ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று முதலாளி அனுப்பியிருக்கிறார். மெஷினை அமைத்துக் கொடுக்கும் எங்கள் செட்டர் அண்ணனும் கூட வந்திருக்கிறார். கேம் என்ற மேடுபள்ளத் தகடு போட்டு ஓட்டும் பழைய டிராப் மெஷினில் தொழில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரால் ஓடும் சிஎன்சி வரை வந்தவர். காதால் கேட்டே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவார்.

இந்த வாரம் தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன். எந்த நிறுவனத்தின் மெஷின் என்று சொல்லப்போவதில்லை, பேரம் இன்னும் முடியவில்லை. பெயர் இல்லாவிட்டாலும், எதையெல்லாம் பார்த்தோம் என்பது மெஷின் வாங்கப்போகிற இன்னொரு பட்டறைக்கு உதவும்.

ஸ்விட்சர்லாந்தின் சூரிக்கில் இறங்கி ரயிலில் பீல் வந்து சேர்ந்தோம், மெஷின் இருப்பது பக்கத்து மூட்டியே ஊரில். இங்கே தெருப்பலகைகூட ஜெர்மன், பிரெஞ்சு என்று இரண்டு மொழியில் இருக்கிறது. ஒமேகாவின் தலைமையகம் இந்த ஊரில்தான். ஆனால் எனக்கு பீல் முக்கியமாகப் படுவதற்கு வேறு காரணம் உண்டு. உடைந்த எலும்பைத் தகடும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்திய ஏஓ அமைப்பை, மாரிஸ் முல்லரும் அவரோடு சேர்ந்த சர்ஜன்களும் 1958 நவம்பரில் தொடங்கியது இங்கேதான். அவர்களுக்கு ஸ்க்ரூவும் கருவிகளும் செய்து கொடுத்தவர் பக்கத்து பெட்லாக் ஊரைச் சேர்ந்த ராபர்ட் மாத்திஸ். நாங்கள் இன்று செய்யும், எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கான 3.5 மி.மீ. கார்டிகல் ஸ்க்ரூவின் மூதாதை இந்த மலையடிவாரத்தில் பிறந்தது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

அந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வாரம் முழுக்க அதுதான் கதாநாயகன். ஐஎஸ்ஓ 5835 தரப்படி மரையின் வெளி விட்டம் 3.5, உள் தண்டு 2.4, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25, தலை 6 மி.மீ., தலைக்குள் 2.5 மி.மீ. அறுகோணக் குழி. நாங்கள் ஓட்டப்போவது 40 மி.மீ. நீளம். மெட்டீரியல் கிரேடு 23 டைட்டானியம். 2.4 மி.மீ. தண்டு 40 மி.மீ. நீண்டு நிற்கும்போது சாதாரண லேத்தில் டூல் தொட்டவுடனே வளைந்து ஒதுங்கும். வளைவு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பிடியிலிருந்து 40 மி.மீ. தள்ளி வெட்டுவதற்குப் பதில் 2 மி.மீ. தள்ளி வெட்டினால் அதே விசைக்கு வளைவு எட்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஸ்விஸ் டைப் மெஷின் செய்வது அதைத்தான். டூல் நீளவாக்கில் நகராமல், பாரைத் தாங்கும் கைடு புஷ் என்ற வளையத்தின் வாயிலேயே நிற்கும். பாரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு சேர்ந்து பார் முன்னும் பின்னும் நகரும். எவ்வளவு நீளமான பாகமானாலும் வெட்டு நடக்கும் இடம் எப்போதும் பிடிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

திங்கள், மூட்டியே

பீலிலிருந்து கிரென்ஹென் வழியாக ரயில் நேரே மலைக்குள் புகுந்துவிடுகிறது. எட்டரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கிரென்ஹென்பெர்க் சுரங்கம் 1915இல் திறக்கப்பட்டது. ஜெர்மன் பேசும் பக்கத்தில் நுழைந்து, பிரெஞ்சு பேசும் மூட்டியேவில் வெளியே வருகிறோம். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மலை, நடுவில் பிர்ஸ் ஆறு, ஆற்றோரமாகப் பட்டறைகள். எந்த மாநிலத்தில் சேர்வது என்று இந்தச் சின்ன ஊர் பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறது. 2021 மார்ச்சில் வாக்களித்து, 2026 ஜனவரி 1 அன்று பெர்னை விட்டு ஜூரா மாநிலத்தோடு சேர்ந்தது.

1870களில் ஜேக்கப் ஷ்வைட்சர் என்ற கடிகாரத் தொழில்காரர் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் நகரும் லேத்தை உருவாக்கினார். கடிகாரத்துக்கு வேண்டிய சின்னச் சின்ன அச்சுகளும் ஸ்க்ரூக்களும் அவர் இலக்கு. 1880இல் நிக்கோலா யுங்கர் மூட்டியேவில் பட்டறை போட்டார். அந்த வேரிலிருந்து பெக்லர், பீட்டர்மான், டோர்னோஸ் என மூன்று லேத் கம்பெனிகள் இந்த ஒரே ஊரில் முளைத்தன. பல காலம் போட்டி போட்டு, பிறகு ஒன்றாகச் சேர்ந்து, இன்று டோர்னோஸ் என்ற ஒரே பெயரில் நிற்கின்றன. ஜப்பானின் சிட்டிசன், ஸ்டார், சுகாமி மூன்றும் இன்று உலகம் முழுக்க விற்கும் மெஷின்களுக்கும் அடிப்படை இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த அதே யோசனைதான்.

பத்து மணிக்கு டெமோ ஹாலில் இருந்தோம். அப்ளிகேஷன் எஞ்சினியர் ஒரு இளம்பெண், நல்ல தெளிவு. முதலில் சேல்ஸ்காரர் பிரசென்டேஷன் காட்டினார். இத்தனை ஆக்சிஸ் (நகரும் அல்லது திரும்பும் திசைகள்), இத்தனை டூல், டூலைச் சாய்க்கும் பி ஆக்சிஸ் உண்டு, இரண்டு பக்கமும் ஸ்பிண்டிலைக் கோணம் பார்த்து நிறுத்தும் சி ஆக்சிஸ் உண்டு என்று வரிசையாக வந்தது.

ஆக்சிஸ் எண்ணிக்கையை வைத்து மெஷினை எடைபோடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். ஏழு ஆக்சிஸ்காரர் ஒன்பது வாங்கப் பார்க்கிறார், ஒன்பதுகாரர் பதிமூன்றைப் பார்க்கிறார். நான் கேட்டது ஒன்றுதான்: எங்கள் ஸ்க்ரூவுக்கு இதில் எத்தனை ஆக்சிஸ் ஒரே நேரத்தில் வேலை செய்யும்? மெயின் ஸ்பிண்டிலில் அடுத்த ஸ்க்ரூவின் மரை வெட்டப்படும்போதே, வெட்டி எடுத்த துண்டை எதிர்ப்பக்கம் பிடிக்கும் சப் ஸ்பிண்டிலில் முந்தைய ஸ்க்ரூவின் தலையும் அறுகோணக் குழியும் முடிய வேண்டும். அப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டில் நீளமான பக்கம்தான் சைக்கிள் டைம், அதாவது ஒரு பாகத்துக்கு ஆகும் நேரம். ஏறாவிட்டால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான், அப்போது எத்தனை ஆக்சிஸ் இருந்தும் அது விலையுயர்ந்த சாதாரண லேத்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் நேரப் பட்டையைத் திறந்தார். ஒவ்வொரு டூலும் எந்த நொடியில் ஆரம்பித்து எதில் முடிகிறது என்று இரண்டு வரிசையாகத் தெரிந்தது. எங்கள் பாகத்தில் மெயின் பக்கம் நிறைந்து கிடந்தது, சப் பக்கம் பாதி நேரம் சும்மா நின்றது. ஸ்க்ரூ முனையில் தானாக மரை போட்டுக்கொள்ள வெட்டும் பள்ளங்களை சப் பக்கம் தள்ள முடியுமா என்று பேசினோம். முடியாது, முனை அப்போது காலெட் என்ற பிளவுபட்ட பிடிக்குள் போய்விடும். சரி, மெயின் பக்கத்திலேயே வெட்டும் வரிசையை மாற்றிப் பார்ப்பதென்று முடிவானது. பி ஆக்சிஸ் எங்கள் பாகத்துக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. கொட்டேஷனில் அது இல்லாத மாடலின் விலையையும் போடச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய், மூட்டியே

இன்று முழுக்க மெஷின் பக்கத்திலேயே.

எங்கள் பார்கள் முன்கூட்டியே ஏர் கார்கோவில் வந்து சேர்ந்திருந்தன. 6 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம், அரைத்து விட்டம் சரிசெய்த கிரவுண்ட் பார். டெமோவுக்கு அவர்கள் பாரைப் போட்டால் எந்த மெஷினும் அழகாக ஓடும். நம் சப்ளையர் தரும் பாரில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. அண்ணன் மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு பாரையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து, சாக்பீஸால் குறி வைத்தார். கைடு புஷ் நிலையாக நிற்கும் வகையானால் எச்6 பார் வேண்டும், அதாவது 6 மி.மீ. விட்டத்தில் எட்டு மைக்ரானுக்குள் வேறுபாடு. நம் ஊரில் எச்6 என்று பில் போட்டு எச்8 வருவது உண்டு, அதில் பதினெட்டு மைக்ரான் வரை ஆடலாம். எங்கள் கட்டில் சில பார்கள் அப்படித்தான் இருந்தன. அவற்றை ஒதுக்காமல் தனியாக வைத்தோம். மோசமான பார் வந்தால் மெஷின் என்ன செய்கிறது என்றும் தெரிய வேண்டும்.

கைடு புஷ்ஷை அட்ஜஸ்ட் செய்வது இந்தத் தொழிலில் கைக்குள் இருக்கும் ரகசியம். புஷ் ஒரு காலெட் மாதிரி பிளவுபட்டது, பின்னாலிருக்கும் நட்டைத் திருகினால் இறுகும். அதிகம் இறுக்கினால் பார் சூடாகி, டைட்டானியம் புஷ்ஷில் ஒட்டிக்கொண்டு சீறும். தளர்த்தினால் பார் உள்ளே ஆடி, வட்டம் கெட்டு, தண்டின் விட்டம் இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பெண் டார்க் (திருகு விசை) அளவைப் பார்த்து இறுக்கினார். அண்ணன் ஒரு துண்டுப் பாரைப் புஷ்ஷுக்குள் விட்டு, இரண்டு விரலால் இழுத்துத் தள்ளிப் பார்த்தார். "தம்பி, இன்னும் கால் சுத்து விடச் சொல்லுங்க. எண்ணெய் சூடானா இது புடிக்கும்ங்க." நான் சொன்னதும் அந்தப் பெண் மறுக்காமல், தானும் பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தளர்த்தினார். மொழி தெரியாத இரண்டு பேர் ஒரு துண்டுக் கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பேசிக்கொண்டதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மரை வெட்டுவது வேர்லிங் முறையில். உள்பக்கம் பார்த்த இன்சர்ட்டுகள் (மாற்றிக்கொள்ளும் வெட்டு முனைகள்) கொண்ட ஒரு வளையம் பாரைச் சுற்றி வேகமாகச் சுழலும். பார் அதன் நடுவே மெதுவாகச் சுழன்றபடி முன்னே போகும். வளையம் மரையின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்திருக்க வேண்டும், எங்கள் பிட்ச்சுக்கு அது ஏழரை டிகிரிக்குச் சற்று மேல். இதன் அருமை என்னவென்றால், 6 மி.மீ. முழுப் பார் புஷ்ஷுக்குள் உறுதியாக நிற்க, வெளியே வந்த துண்டு ஒரே ஓட்டத்தில் முழு ஆழ மரையோடு வெளிவந்துவிடும். சிங்கிள் பாயிண்ட் டூலில் பல தடவை போய் வருவது இங்கே ஆகாது. மெலிந்த தண்டு ஒருமுறை வெளியே வந்தபிறகு பின்னால் இழுத்தால் புஷ்ஷுக்குள் பிடி இருக்காது. ஸ்விஸ் மெஷினில் புரோகிராம் எழுதுகிறவர் முதலில் பழக வேண்டியது இந்த ஒழுக்கம்: முன்னே போனால் போனதுதான்.

முதல் ஸ்க்ரூ விழுந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மரை கண்ணாடி மாதிரி இருந்தது. சைக்கிள் டைம் இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில். கொட்டேஷனில் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் எங்கள் கணக்குக்குள் வருகிறது.

எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மட்டும் ஸ்க்ரூவை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார். இருபது மடங்கு பெரிதாக்கியதில் தலைக்குப் பக்கத்து மூன்று மரைகளின் உச்சியில், நூற்றிருபது டிகிரிக்கு ஒன்றாக, மங்கலான பட்டைகள் தெரிந்தன. சப் ஸ்பிண்டிலின் காலெட் கடித்த தடம். தலையைச் செதுக்கவும் அறுகோணத்தைக் குத்தவும் சப் ஸ்பிண்டில் ஸ்க்ரூவை மரைமேல்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூரான மரை உச்சியில் மூன்று தாடைகள் அழுத்தினால் இப்படித்தான் ஆகும். இது எலும்புக்குள் போகிற பாகம். உச்சியில் நசுங்கல் இருந்தால் எங்கள் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்‌ஷன் திருப்பி அனுப்பிவிடும்.

பிடி அழுத்தத்தைக் குறைத்தார்கள். தடம் மங்கியது, ஆனால் அறுகோணம் குத்தும்போது ஸ்க்ரூ லேசாகத் திரும்பிவிட்டது. மாற்று வழி, தலையை முதலில் செய்து, சப் ஸ்பிண்டில் தலையைப் பிடித்து இழுக்க, மரையைப் பிறகு வெட்டுவது. அதில் முனை, பாரிலிருந்து துண்டிக்கும் பார்ட்டிங் டூலுக்குப் பக்கம் வந்துவிடும், முனையின் வடிவம் கெடும். கடைசியில் 3.5 மி.மீ. விட்டத்தை முழு நீளத்துக்கும் கவ்வும் நீளமான காலெட் ஒன்றை அரைத்துத் தருவதாகச் சொன்னார்கள். காலெட்டும் புஷ்ஷும் செய்கிற பட்டறைகள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. பக்கத்துக் கூர் கிராமத்தில் ஹாபெக்கர் என்ற நிறுவனம் கைடு புஷ் செய்கிறது. நம் ஊரில் இதே காலெட்டுக்கு எத்தனை வாரம் காத்திருப்போம் என்று யோசித்தேன். மெஷினோடு இந்தச் சுற்றுவட்டாரம் வராது. ஆகவே காலெட்டும் புஷ்ஷும் எத்தனை செட் உதிரியாகத் தருவீர்கள் என்பதையும் கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டும்.

புதன், மூட்டியே

காலெட் நாளைக்குத்தான். அதனால் ஊரிலிருக்கும் ஆட்டோமேட்டிக் லேத் மியூசியத்துக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பழைய மெஷின்களை ஓட்டியும் காட்டுகிறார்கள்.

கேம் லேத்தில் கேம் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு பாகம் முடிந்துவிடும். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு தகடு, அந்தத் தகட்டின் விளிம்பு மேடுபள்ளம்தான் புரோகிராம். வயதான ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். அண்ணன் அனுமதி கேட்டு வாங்கித் தானே சுற்றினார். ஒரு டூல் பின்வாங்கத் தொடங்கும் அதே கணத்தில் அடுத்தது இறங்குவதைக் காட்டி, "பாருங்க தம்பி, முந்தாநேத்து அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல காட்டுனது இதே கணக்குதானுங்க" என்றார். உண்மைதான். நேரப் பட்டையில் நாங்கள் நகர்த்திய கட்டங்கள் இங்கே இரும்பில் அரமிடப்பட்டு இருந்தன. டிராப் மெஷினில் கேம் தேய்த்து வளர்ந்தவர்களை நம் பட்டறைகளில் பழைய ஆள் என்று ஓரம் கட்டுகிறோம். ஒரே நேரத்தில் பல வெட்டுகளை ஏற்றி யோசிக்கும் பழக்கம் அவர்களுக்குக் கையில் ஏறியிருக்கிறது. மல்டி ஆக்சிஸ் மெஷினுக்கு அவர்களை உட்கார வைத்துப் புரோகிராம் சொல்லிக்கொடுத்தால் பலன் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மதியம் டெட் தெ முவான் என்ற பாலாடைக்கட்டி சாப்பிட்டோம், பக்கத்து பெல்லெலே மடத்தில் பிறந்தது. ஒரு ஊசியில் கட்டியைக் குத்தி நிறுத்தி, மேலே ஒரு கத்தியைச் சுற்றினால் மெல்லிய பூவாகச் சுருண்டு வருகிறது. அந்தக் கருவியை 1980களில் கண்டுபிடித்த நிக்கோலா க்ரெவுவாசியே இந்தப் பகுதியின் துல்லியத் தொழில்காரர் என்று கேட்டு ஆச்சரியப்படவில்லை.

வியாழன், மூட்டியே

காலை ஏழரைக்கே போய்விட்டோம். இரவு முழுக்க நின்றிருந்த மெஷினைச் சூடேற்றாமல் நேரே ஓட்டச் சொல்லியிருந்தேன். வழக்கமாக டெமோவுக்கு ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குப் பதினொன்று பன்னிரண்டு மைக்ரான் நீளும். ஸ்பிண்டில் சூடாக, எண்ணெய் சூடாக, டூலுக்கும் பாருக்கும் இடையிலான தூரம் நகரும், விட்டத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். முதல் அரை மணியில் உள் தண்டு ஒன்பது மைக்ரான் இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. இது நல்ல மெஷின். ஆனால் இந்த ஹால் 21 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மதியம் எங்கள் ஷாப் எங்கே இருக்கும் என்று கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியும். எண்ணெயைக் குளிர்விக்கும் சில்லர் என்ற கருவியை ஆப்ஷன் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டாயப் பட்டியலில் போட்டோம்.

புதிய காலெட் வந்தது. தடம் போய்விட்டது. அண்ணன் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், அவரிடமிருந்து அதுதான் பாராட்டு.

பிறகு தொடர்ச்சியாக ஐம்பது ஸ்க்ரூ, நடுவில் எதையும் தொடாமல். எங்கள் டிராயிங்கில் உள் தண்டுக்கு 40 மைக்ரான் டாலரன்ஸ் (அனுமதித்த மொத்த வேறுபாடு). அளவு மாறாமல் வெட்டுவதைக் காட்டும் மெஷின் திறன் எண் 1.67 வர வேண்டுமென்றால் சிக்மா என்ற சிதறல் அளவு 4 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், சராசரி நடுவிலும் இருக்க வேண்டும். வந்தது. தலை உயரம் மட்டும் எல்லையை ஒட்டி நின்றது, பார்ட்டிங்கில் சப் ஸ்பிண்டில் பிடிக்கும் ஆழம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. மறுபடி பார்க்க வேண்டிய விஷயம்.

ஒதுக்கி வைத்திருந்த மோசமான பார்களையும் போட்டோம். தடித்த முனை புஷ்ஷை நெருங்கியபோது ஸ்பிண்டில் லோடு ஏறி, மெஷின் பாரை முறிக்காமல் அலாரம் கொடுத்து நின்றது. அது எனக்குப் பெரிய நிம்மதி. புஷ்ஷை எடுத்துவிட்டு ஓட்டும் வசதி பற்றியும் பேசினோம். எடுத்தால் பாரின் வாலில் வீணாவது வெகுவாகக் குறையும். புஷ்ஷோடு ஓட்டினால் எங்கள் கணக்கில் பாருக்கு 200 மி.மீ. மிச்சம், 3 மீட்டரில் அறுபத்தாறு ஸ்க்ரூ. டைட்டானியத்தில் அந்த 200 மி.மீ. வலிக்கிற பணம். ஆனால் 40 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் புஷ் இல்லாமல் ஆகாது. 10, 12 மி.மீ. குட்டை ஸ்க்ரூக்களுக்கு எடுத்துவிட்டு ஓட்டலாம். மாற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொள்ளவில்லை, செய்து காட்டச் சொன்னேன். அண்ணன் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்தார்.

கடைசிச் சோதனைக்குத்தான் அவர்கள் தயங்கினார்கள். மரை வெட்டிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போவது சொல்லிவிட்டு வராது என்று விளக்கினேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அணைத்தோம். ஸ்பிண்டில் நிற்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தை வைத்து, வேர்லிங் தலை பாரைவிட்டு விலகி நின்றது. இரண்டு இன்சர்ட் உடைந்தது, ஒரு ஸ்க்ரூ போனது, அவ்வளவுதான். இடத்தை அளக்கும் என்கோடர்கள், கரண்ட் போனாலும் மறக்காத அப்சல்யூட் வகை என்பதால் ஹோம் பொசிஷன் தேட வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் அடுத்த ஸ்க்ரூ விழுந்தது. எனக்கு இந்த வாரத்தின் மிகப் பெரிய செய்தி இது.

வெள்ளி, தவான் பள்ளத்தாக்கு

இதே மாடலை ஓட்டும் ஒரு பட்டறைக்குப் போக அனுமதி வாங்கியிருந்தோம். மருத்துவப் பாகமும் கடிகாரப் பாகமும் செய்கிறார்கள். உள்ளே நுழைந்து பத்தடி நடப்பதற்குள் ஒரு குரல், "நீங்கள் தமிழோ?"

சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இங்கேயே பள்ளி, இங்கேயே தொழிற்பயிற்சி முடித்தவர். ஸ்விட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும், ஆனால் நாங்கள் வாங்கப்போகும் மெஷினின் முன்னால் ஒருவர் நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை. இதே மாடலில் ஆறு வருடமாக இருக்கிறார்.

"அண்ணை, டெமோ ஹாலில சத்தம் கேக்காது, இஞ்ச கேளுங்கோ" என்று செட்டர் அண்ணனை, மெஷினுக்குப் பாரை ஊட்டும் பார் ஃபீடரிடம் நேரே கூட்டிப்போனார். பார் தீர்ந்து புதுப் பார் ஏறும் தருணத்துக்காக நின்றோம். "மெஷின் நிக்கிறதெண்டால் பாதி நேரம் இஞ்சதான் நிக்கும். பாரின்ர முனையில சாம்ஃபர் சரிவு சரியாப் போடாட்டி புஷ்ஷில முட்டும்."

"எண்ணெய் எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தறீங்க தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

"மாத்துறதை விட ஃபில்டரைப் பாருங்கோ அண்ணை. டைட்டானியத் தூள் நுண்ணி. பிரஷர் குறைஞ்சால் டூல் செத்துப்போகும்."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதை டெமோவில் யாரும் சொல்லவில்லை. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்தாது, ஸ்டீலோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. சூடு முழுக்க டூல் நுனியிலும், வெட்டும்போது உரிந்து வரும் சுருளிலும் தேங்கும். இந்த மெஷின்களில் ஓடுவது தண்ணீர் கலக்காத சுத்த எண்ணெய். மழுங்கிய டூல், குவிந்த சுருள், எண்ணெய்ப் புகை மூன்றும் சேர்ந்தால் தீ. மெஷினுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எண்ணெய்த் தீயை அணைக்கும். டைட்டானியச் சுருளே பற்றிக்கொண்டால் அது அணையாது, உலோகத் தீக்கான டி வகுப்புப் பொடியோ உலர்ந்த மணலோ வேண்டும், தண்ணீர் கிட்டேயே போகக்கூடாது. அவர்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் சுருளை வெளியே எடுத்து, மூடியுள்ள இரும்புத் தொட்டியில் கட்டிடத்துக்கு வெளியே வைக்கிறார்கள். ஒவ்வொரு டூலுக்கும் இத்தனை பாகம் என்று எண்ணிக்கை வைத்து, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறார்கள். ஆளில்லாமல் இரவில் ஓட்டுவதை டைட்டானியத்துக்கு அவர்கள் அனுமதிப்பதில்லை. எஃகுப் பாகங்களுக்கு மட்டும்தான்.

எங்கள் முதலீட்டுக் கணக்கு முழுவதும் இரவில் ஆளில்லாமல் ஓட்டுவதை வைத்துப் போட்டது. ஒரு பார் இரண்டேகால் மணி நேரம், ஃபீடரில் நிறையப் பார், காலையில் வந்து பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தோம். அந்த வரியை இன்று மதியமே மாற்றிவிட்டேன். இரவு ஷிப்டுக்கு ஒரு ஆள், அவருக்குச் சம்பளம், அவருக்குத் தீயணைப்புப் பயிற்சி. லோன் அடைபடும் காலம் நீள்கிறது. நீளட்டும்.

கிளம்பும்போது அவர் அண்ணனுக்குத் தன் நம்பர் கொடுத்தார். "புஷ் செட்டிங்கில சந்தேகமெண்டால் வாட்ஸ்அப்பில வீடியோ அனுப்புங்கோ."

சனி, ரயிலில்

சூரிக் போகிற வழி. சேல்ஸ்காரருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பி ஆக்சிஸ் வேண்டாம். எண்ணெய் சில்லர், நீளக் காலெட், உதிரிப் புஷ்கள், வேர்லிங் இன்சர்ட், டி வகுப்புத் தீயணைப்பான் எல்லாம் ஒரே விலைக்குள் வர வேண்டும். கோயம்புத்தூரில் நிறுவியபின் மே மாதத்தில், எங்கள் பாரில், எங்கள் ஷாப் வெப்பத்தில் அதே ஐம்பது ஸ்க்ரூ ஓட்டித் திறன் எண் வந்தால்தான் கடைசித் தவணை. தலை உயரம் உட்பட. சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

சுகாமிக்குச் சென்னை பக்கத்தில் ஒரகடத்திலேயே ஆலை இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் போனீர்கள் என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஓட்டாத பார்களை இங்கே விட்டுவிடாமல் திரும்ப கார்கோவில் போட்டிருப்பது அதனால்தான். பக்கத்தில் கிடைக்கும் இன்னொரு மெஷினிலும் இதே ஸ்க்ரூ, இதே மோசமான பார், குளிர்ந்த மெஷினில் காலை ஓட்டம், நடு மரையில் மெயின் சுவிட்ச் என்று எல்லாவற்றையும் செய்து பார்ப்போம். யார் எந்தச் சோதனைக்குச் சம்மதிக்கிறார்கள் என்பதையும் எழுதுகிறேன். அண்ணன் எதிர் சீட்டில் உட்கார்ந்து, அளந்த விட்டங்களை நோட்டில் ஒழுங்காகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த சோதனைக்கான பட்டியல் அவர் கையெழுத்தில்தான் போகும்.